டோரீன் போட்ட கையெழுத்து

கெல்பெக்
10 ஜனவரி 1988, ஞாயிறு

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். வரிகள் நம் வீட்டு மேட்டுத்தெரு மாதிரி ஏறி இறங்கும். ஓர் எழுத்து பெருத்திருக்கும், பக்கத்து எழுத்து மெலிந்திருக்கும். பேனாவை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்று டீச்சர் சொல்கிறாள். கடப்பாரை பிடித்த கை. மெதுவாகப் பிடி என்றால் அதற்கு விளங்க மாட்டேன் என்கிறது.

ஆமாம் அக்கா, இதை எழுதுவது டோரீன் இல்லை. நான்தான். உன் தம்பி கிளிஃப். எழுபது வயதில்.

செப்டம்பரிலிருந்து வியாழக்கிழமை தோறும் நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. டோரீன்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நானே எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை. அவள் இப்போது அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவள் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

உனக்குத் தெரியுமே, நான் கவுன்சிலில் சாலை வேலை பார்த்தவன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பலகை நான் நட்டது. ஆணி ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் மேல் எது கீழ் எது என்று முடிவு செய்வேன். போன வாரம் பஸ்ஸில் வரும்போது நான் நட்ட ஒரு பலகையை முதன்முதலாகப் படித்தேன். ‘கெல்பெக். மெதுவாக ஓட்டவும்.’ “அட, இவ்வளவுதானா!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டோரீன், “பின்ன, பைபிளா எழுதி வெச்சிருப்பாங்க?” என்றாள்.

இனி செய்தி. என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஏப்ரல் இருபதாம் தேதி லீட்ஸில் ஆபரேஷன். டாக்டர் சின்ன வயசுக்காரர், தைரியமாகத்தான் பேசுகிறார். ஆனால் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. என்னோடு தார் ஊற்றிய லென் நவம்பரில் போய்விட்டான். அவனோடு பல வருஷம் குடும்பம் நடத்தியவள் மேவிஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சட்டப்படி மனைவிதான் என்று இந்த ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். பப்பில் யாரைக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். லென் உயில் எழுதி வைக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு அவன் அண்ணன் மகன் வந்து பூட்டை மாற்றிவிட்டான். மேவிஸ் இப்போது தங்கை வீட்டு சோபாவில் தூங்குகிறாள்.

டோரீனும் நானும்கூடக் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள்தானே. அவள் அடக்கத்திலிருந்து வந்து நம் வீட்டு வாசல் படியை மூன்று நாள் தொடர்ந்து தேய்த்துக் கழுவினாள். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் நானும் ஓர் உயில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

கை வலிக்கிறது. இதை எழுத நான்கு நாள் ஆனது.

உன் அன்புத் தம்பி,
கிளிஃபர்ட் ஆல்டர்சன்
(முழுப் பெயரையும் போட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.)


ஹாமில்டன், கனடா
24 ஜனவரி 1988

அன்புத் தம்பி கிளிஃப்,

தபால்பெட்டி அருகே பனியில் நின்றபடியே படித்தேன். கால் மரத்துப்போனது தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “என்ன எட்னா, கெட்ட சேதியா?” என்று ஓடி வந்தாள். “என் தம்பி கடிதம் எழுதியிருக்கிறான்” என்றேன். “அதற்கா இந்த அழுகை?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

பள்ளிக்கூடத்தில் உன் பாடத்தை நான் வாசித்துக் காட்டுவேன். நீ அப்படியே மனப்பாடம் செய்து வாத்தியார் முன்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பாய். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மாட்டிக்கொண்டாயே. அந்தப் பிரம்படியை இன்று மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

ஆபரேஷனுக்குப் பயப்படாதே. இங்கே என் தேவாலயத்தில் இரண்டு பேர் அதைச் செய்துகொண்டு முன்னைவிட அதிகமாகச் சண்டை போடுகிறார்கள். உப்பைக் குறை. படியில் மெதுவாக இறங்கு. எழுதத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆனால் உயில் எதற்கு? வக்கீலுக்கு அழுவதற்கா? உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் ஒருத்திதான் இருக்கிறேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த வீடு எங்கே போகப்போகிறது? அப்பா அதை உனக்குத் தந்தபோது நான் குறுக்கே நிற்கவில்லை. போர் முடிந்து ஃபிராங்கைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவள் நான், கூடவே இருந்து அப்பாவைப் பார்த்தவன் நீ. நியாயம்தான். ஆனாலும் அது ஆல்டர்சன் வீடு. என் மகன் ராய் வேலையை விட்டதும் அங்கே வந்து இருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் அந்த வீட்டைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, எட்டு வயதில். இன்னும் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிப் பேசுகிறான்.

டோரீனை விசாரித்ததாகச் சொல். அடுத்த கடிதத்தில் வரி கொஞ்சம் நேராக இருக்கட்டும்.

உன் அக்கா,
எட்னா


கெல்பெக்
14 பிப்ரவரி 1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வரி நேராக வர அடியில் கோடு போட்ட அட்டையை வைத்திருக்கிறேன். தெரிகிறதா?

உயில் எழுதிவிட்டேன்! என் கையால்!

நம் தெருமுனைக் காகிதக் கடையில் உயில் தாள் அச்சடித்து விற்கிறார்கள். மேலே கொஞ்சம் அச்சு, நடுவில் வெற்றிடம், கீழே கையெழுத்துக்கு இடம். வாங்கி வந்து ஒரு வாரம் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் காலைக் கஞ்சி முடிந்ததும் ஒரு வரி. தாளைப் பாழாக்கிவிடக் கூடாது என்று முதலில் பழைய சுவர்க்காகிதத்தின் பின்பக்கம் எழுதிப் பழகினேன்.

அதில் என்ன எழுதினேன் என்பதை உனக்கு மறைக்கப் போவதில்லை. வீடும் அதில் உள்ள எல்லாமும், கோழிக்கூடு உட்பட, டோரீனுக்கு. அப்பாவின் சுவர்க்கடிகாரம் உனக்கு. நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். ராய்க்குக் கனடாவில் வீடு இருக்கிறது. டோரீனுக்கு வேறு எங்கும் ஒரு படி கூட இல்லை.

இரண்டு சாட்சி வேண்டும் என்று தாளில் அச்சடித்திருந்தது. சனிக்கிழமை ஆர்னால்ட் வந்தான். கறிக்கடை ஆர்னால்டைத் தெரியுமல்லவா, அவன் அப்பாவிடம் நீ சூப்புக்கு எலும்பு வாங்கி வருவாயே. வண்டியில் வீடு வீடாகக் கறி கொடுத்துக்கொண்டு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“சாகப் போறியா என்ன?”

“இல்லடா. எழுதப் போறேன்.”

“ரெண்டுமே உனக்குப் புதுசுதான்” என்றான்.

அவன் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி யார்? யோசிக்கவே இல்லை. டோரீன்தான். இரண்டு பேர் பார்க்க நான் என் பெயரை எழுதினேன். எனக்கு அடுத்த கோட்டில் டோரீன் தன் பெயரை எழுதினாள். அப்புறம் ஆர்னால்ட், கட்டைவிரல் கறையோடு. மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். என் பெயரும் அவள் பெயரும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரே தாளில் இருப்பதை இதற்கு முன் பார்த்ததில்லை அக்கா. தபால்காரன் கொண்டுவரும் கவரில்கூட யாராவது ஒருவர் பெயர்தான் இருக்கும்.

தாளை ரொட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கோழிகள் குளிருக்கு முட்டையை நிறுத்திவிட்டன.

அன்புத் தம்பி,
கிளிஃப்


ஹாமில்டன்
25 பிப்ரவரி 1988

கிளிஃப்,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மேஜையில் போட்டுவிட்டேன். ராயிடம் இன்னும் சொல்லவில்லை.

டோரீன் வாடகைக்கு அறை கேட்டு வந்தவள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்தாள். நீ அவளைக் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அவ்வளவு பிரியம் என்றால் ஏன் செய்துகொள்ளவில்லை? அம்மா அந்த வாசலில் நின்றுதான் எனக்குக் கையசைத்தாள். அந்த வாசலை இப்போது யாரோ ஒருத்திக்குக் கொடுக்கிறாய்.

என் தம்பி இப்படிச் செய்பவன் இல்லை. ஃபிராங்க் இறந்தபோது நீ அனுப்பிய கடிதத்தை நேற்று எடுத்துப் படித்தேன். ‘மறதியில் மேஜையில் அவருக்கும் தட்டு வைத்துவிட்டால் பதறாதே, எட்னா. உடனே எடுத்துவிடவும் வேண்டாம். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.’ ஊரே வந்து என்னிடம் என்னென்னவோ சொன்னது. இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தேன். டோரீன் கைதான் எழுதியது என்றாலும் சொன்னவன் நீ. அப்படிச் சொன்னவன்தான் என் தம்பி. அவனுக்கு என்ன ஆயிற்று?

உடம்பைப் பார்த்துக்கொள்.

எட்னா


கெல்பெக்
13 மார்ச் 1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இது நீளமான கடிதம். செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன். இரண்டு முறை கிழித்துவிட்டேன்.

அந்த உயில் செல்லாது அக்கா. சரியாகச் சொன்னால் உயில் செல்லும், டோரீனுக்குக் கொடுத்தது மட்டும் செல்லாது. கடிகாரம் உன்னைத் தேடி வந்திருக்கும், பின்னாலேயே வீடும் வந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். டோரீன் தன் ஓய்வூதிய விஷயமாக வக்கீலம்மா ஹோய்லைப் பார்க்கப் போனாள். அலுவலகம் சந்தைச் சதுக்கத்தில் ஆர்னால்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பேச்சுவாக்கில் என் உயிலைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். “யார் சாட்சி?” என்று கேட்டாராம் அந்தம்மா. “நானும் ஆர்னால்டும்” என்றாளாம். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்தத் தாளோட அவரையும் கூட்டிட்டு வாங்க. இந்த வாரமே” என்றாராம்.

சந்தை நாளில் போனோம். மாடிப்படி முழுக்கக் கொத்துக்கறி வாசம். வக்கீலம்மா என் தாளை முழுதும் படித்தார். அவருக்குப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு எழுத மூன்று வாரம்.

“நல்ல கையெழுத்து, ஆல்டர்சன். ஒரே ஒரு தப்புதான். உயில்ல யாருக்குச் சொத்து எழுதறீங்களோ அவங்க சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டா அவங்களுக்கு எழுதினது போச்சு. அவங்க வீட்டுக்காரர் போட்டாலும், மனைவி போட்டாலும் அதே கதைதான்.”

“இவதான் என் கூடவே இருக்கா. இவளை விட்டா எனக்கு வேற யாரு சாட்சி?”

“அதனாலதான் கூடாதுங்கறது சட்டம்” என்றார்.

டோரீன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையாலேயே தன்னை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டவள் மாதிரி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி உட்கார வைத்து எழுதச் சொன்னவன் நான். ஆசைக்குத்தான் செய்தேன்.

அப்புறம் வக்கீலம்மா டோரீனை வெளியே போகச் சொன்னார். உயில் எழுதுகிறவனிடம் தனியாகக் கேட்க வேண்டுமாம், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தூண்டிவிடக் கூடாது என்பதற்காக. டோரீன் படியில் போய் உட்கார்ந்தாள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். “டோரீன் உங்களுக்கு முன்னாடி போயிட்டா வீடு யாருக்கு?” நான் அதை யோசித்ததே இல்லை. “அப்போ எட்னாவுக்கு, அவளும் இல்லேன்னா ராய்க்கு” என்றேன். அதை எழுதிக்கொண்டார். “நிறைவேத்தறது யாரு? நீங்க போனப்புறம் பாங்க், வரி, எல்லாத்தையும் பார்த்து யார் யாருக்கு என்னன்னு கொடுக்கிறவர்.” டோரீன் அதைச் செய்யலாமாம்! சாட்சியாக இருக்கத்தான் கூடாது, நிறைவேற்றலாம். சட்டத்தை யார் எழுதினார்களோ.

பிறகு கேட்டார்: “கல்யாணம் பண்ணிக்கிற உத்தேசம் ஏதாவது இருக்கா?”

“ஏன்?”

“இந்த நாட்டுல கல்யாணம் ஆனா பழைய உயில் செத்துப்போயிடும். இன்னாரைக் கட்டிக்கப் போறேன்னு உயில்லயே எழுதி வெச்சா மட்டும் பிழைச்சுக்கும். அதனால இப்பவே சொல்லிடுங்க.”

அக்கா, ஏன் செய்துகொள்ளவில்லை என்று நீயும் கேட்டிருந்தாய். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே. அந்த அறையில் பதிவாளரும் அவள் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணப் பிள்ளை குனிந்து ஒரு பெருக்கல் குறி போடுவதா? காசில்லை, கூரையைச் சரிபண்ண வேண்டும், அடுத்த வசந்தம் ஆகட்டும் என்று அவளிடம் என்னென்னவோ சொல்லிவந்தேன். அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. ஒரு நாளும் கேட்டதுமில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

“டோரீன், வக்கீலம்மா கேக்கறாங்க, நாம கல்யாணம் பண்ணிக்கப் போறோமான்னு.”

“யாரு கேக்கறது? வக்கீலம்மாவா, நீயா?”

“நான்தான்.”

கீழே கடையிலிருந்து ஆர்னால்ட் கத்தினான். “சீக்கிரம் சொல்லு டோரீன்! இங்க வரிசையில நிக்கிறவங்க எல்லாம் கறியை மறந்துட்டு நிக்கிறாங்க!”

“சரின்னு சொல்லு” என்றாள் டோரீன். என்னிடம் சொன்னாளா, ஆர்னால்டிடம் சொன்னாளா தெரியவில்லை. கீழே கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. டோரீனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதையும் சேர்த்து வக்கீலம்மா தட்டச்சு செய்து வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர்கள் உயிலில், ‘இவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று ஒரு வாசகம் சேர்ப்பார்களாம். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அதைச் சேர்த்திருந்தார். “இது வேண்டாம்மா. நானே படிக்கிறேன்” என்றேன். மூன்று பக்கம். விரல் வைத்துச் சத்தமாகப் படித்தேன். வக்கீலம்மா நடுவில் இரண்டு தடவை டீ வரவழைத்தார். அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்யச் சொன்னார்.

சாட்சிக்கு அங்கே வேலை செய்யும் பெவர்லி. இன்னொரு குமாஸ்தா காய்ச்சலில் வரவில்லை. கீழே ஆள் அனுப்பினார்கள். ஆர்னால்ட் கையைக் கழுவிக்கொண்டு ஏறி வந்தான்.

“மறுபடியுமா? போன மாசம்தானே உன்னை அனுப்பி வெச்சேன்!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுதி முடிப்பதைப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. நான் எழுதினேன்.

“ஏம்ப்பா, முழுப் பேரா? ‘சி’ன்னு போட்டு ஒரு புள்ளி வெச்சா ஆகாதா? கடையில கூட்டம்” என்றான் ஆர்னால்ட்.

“இவ்வளவு நாள் போடாம இருந்தேன். முழுசாத்தான் போடுவேன்” என்றேன். வக்கீலம்மா சிரித்துவிட்டார். டோரீன் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்தாலும் தப்பில்லை என்று சொல்லியும் வரவில்லை. அவளுக்குப் பயம்.

பழைய தாளை நானே கிழித்துவிட வேண்டும் என்றார்கள். மனசே வரவில்லை. நாலாகக் கிழித்தேன். வெளியே வந்ததும் டோரீன், எங்கள் இரண்டு பெயரும் இருந்த துண்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று. ஃபிராங்க் இறந்தபோது வந்த கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் சொல்லவில்லை அக்கா. ‘எட்னாவுக்கு எழுது, வருத்தமா இருக்குன்னு எழுது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். தட்டைப் பற்றி எழுதியது டோரீன். அவள் இங்கே வந்த புதிதில் அவள் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தினமும் இரண்டு தட்டு எடுப்பாள், ஒன்றைத் திரும்ப வைப்பாள். நான் பார்த்திருக்கிறேன். அவளாகத்தான் எழுதினாள்.

இதை உனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நல்ல பெயர் எனக்கே இருந்திருக்கும். ஆனால் இப்போது என்னால் எழுத முடிகிறது. இனி அவள் சொன்னதை என் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நீ கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் இருந்துவிடாதே. இப்போது என்னால் படிக்க முடியும்.

தம்பி,
கிளிஃப்


ஹாமில்டன்
30 மார்ச் 1988

அன்புத் தம்பி,

உடனே எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து உன் கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டேன். எந்த வரி உன்னுடையது, எந்த வரி அவளுடையது என்று பிரித்துப் பார்த்தேன். கஷ்டமாகவே இல்லை. மழையும் கோழியும் நீ. மற்றதெல்லாம் அவள்.

ராய்க்கு முதல் குழந்தை பிறந்தபோது, பாட்டி ஆகிவிட்டாயே என்று கேலி செய்ததும், என் முழங்கால் வலிக்குக் கடுகுப் பற்று சொன்னதும், அம்மாவின் கல்லறையில் பனிப்பூ பூத்திருக்கிறது என்று ஒவ்வொரு பிப்ரவரியும் எழுதியதும், எல்லாம். நீ கல்லறைப் பக்கமே போக மாட்டாயே, இவன் எப்போது போய்ப் பார்த்தான் என்று நான் நினைத்ததுண்டு. அவள் போயிருக்கிறாள். என் அம்மாவை அவள் பார்த்ததுகூட இல்லை.

பத்தொன்பது வருஷமாக நான் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், கிளிஃப். அவளைத்தான் போன கடிதத்தில் ‘யாரோ ஒருத்தி’ என்று எழுதினேன். அதை நீ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். படித்துக் காட்டியிருந்தால், மன்னித்துக்கொள்ளச் சொல்.

ராயிடம் சொன்னேன். சுருங்கிப்போனான், மறைப்பானேன். அப்புறம், “அந்தக் கைப்பிடியை மட்டும் அவங்க மாத்தாம இருந்தா சரி” என்றான். பின்னறையில் ஒரு கட்டில் போட்டு வை. அடுத்த கோடையில் வந்தாலும் வருவேன். கடிகாரத்தை அனுப்ப வேண்டாம். கப்பலில் உடைந்துபோகும். அது அங்கேயே ஓடட்டும். உயிலில் என் பெயருக்குப் பக்கத்தில் அது இருந்தால் போதும்.

ஒரே ஒரு புகார். நீ எழுதக் கற்றுக்கொண்டாய், சந்தோஷம். அதற்காக அவளை எழுதவிடாமல் செய்துவிடாதே. மழையையும் கோழியையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இந்தக் கடிதத்தை நீ முதலில் படி. மெதுவாகப் படி. அப்புறம் டோரீனிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நில்.

இருவருக்கும் என் அன்பு,
எட்னா


கெல்பெக்
17 ஏப்ரல் 1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். அடுக்களையில் நின்று உருளைக்கிழங்கு உரித்தேன். அவள் படித்து முடிக்க வெகு நேரம் ஆனது. என்னைவிட வேகமாகப் படிப்பவள் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று திரும்பினால், நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றா?” என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். “உனக்கு மழையும் கோழியும்தான் தெரியுமாம்” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அத்தனை கிழங்கையும் மறுபடி கழுவினாள். நான் சரியாகக் கழுவவில்லையாம். போன கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆனால் நீ மன்னிப்புக் கேட்டதால் இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பரவாயில்லை என்கிறாள். அவளே தனியாக எழுதியிருக்கிறாள், இதே கவரில் இருக்கிறது. என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

நேற்று கல்யாணம் ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் எட்டுப் பேர் இருந்தோம். டோரீன் நீலக் கோட்டு. என் சூட்டு லென் அடக்கத்துக்குப் போட்டதுதான், மேவிஸே அதைத் தேய்த்துக் கொடுத்தாள். பதிவாளர் தாடிவைத்த ஆள். பதிவேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்து, “இங்கே கையெழுத்து. நிதானமா போடுங்க” என்றார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேனா கனமானது, மை நிறைய இறங்கியது. போட்டேன். கிளிஃபர்ட் ஆல்டர்சன். ஒரு எழுத்தும் இடறவில்லை.

அடுத்து அவள். என் பெயருக்குக் கீழேயே, ஒட்டினாற்போல. பேனாவை வாங்கியவள் சட்டென்று நின்றுவிட்டாள். “இதுல நான் போடலாமா? போட்டா எதுவும் போயிடாதே?” என்று பதிவாளரிடம் கேட்டாள். அவர் விழித்தார். “அம்மா, நீங்க போடலேன்னாத்தான் கல்யாணமே இல்லை” என்றார். அறையே சிரித்தது. டோரீனும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

நான் ஆசைப்பட்டது இதுதான் அக்கா. அப்போது வேறு தாளில் செய்துவிட்டேன்.

சாட்சி பெவர்லியும் ஆர்னால்டும். “என் கையெழுத்து இல்லாம இந்த ஊர்ல உனக்கு எதுவும் நடக்காது போல” என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் மாவுக்குள் மாட்டுக்கறி வைத்துச் சுட்ட பண்டம் கொண்டுவந்திருந்தான். வக்கீலம்மா வரவில்லை. ஒரு கார்டு அனுப்பியிருந்தார். உயில் கல்யாணத்தைத் தாண்டிப் பிழைத்துவிட்டது, அலுவலக இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாமல் லீட்ஸுக்குப் போய்வாருங்கள் என்று எழுதியிருந்தார். அதையும் நானே படித்தேன்.

பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. மெத்தை மட்டும் வர வேண்டும். படிக்கட்டின் கைப்பிடி அப்படியே இருக்கிறது, ராயிடம் சொல்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், புதன்கிழமை ஆபரேஷன். பேனாவையும் கோடு போட்ட அட்டையையும் பெட்டியில் வைத்துவிட்டேன். பைஜாமாவை வைக்க மறந்தேன், டோரீன் வைத்தாள். அங்கே படிவம் நிரப்பும்போது நெருங்கிய உறவு யார் என்று கேட்பார்களாம். அந்த இடத்தை நானே எழுதுவேன், யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மழை நின்றுவிட்டது. கோழிகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே. அது மெத்தையின் குற்றம்.

உன் அன்புத் தம்பி,
கிளிஃபர்ட் ஆல்டர்சன்